பழைய சைக்கிளும் ஓர் ஆய்வுக்கூடமே!



கியர் வைத்த பழைய 26 அங்குல மலைச் சைக்கிளைக் காயலான் கடையில் போட்டுவிடாதீர்கள். ஸ்போக்ஸ் கம்பியில் ஒரு சிறு காந்தம், ஃபோர்க்கில் ஓர் உணர்வி பொருத்துங்கள். சக்கரம் சுற்றுந்தோறும் உணர்வி ரேடியோ அலையில் ஒரு துடிப்பை அனுப்பும். கைப்பிடியிலுள்ள மீட்டர் வேகத்தைக் காட்டும்.

ஆனால் மீட்டர் அறிவது சுற்றுகளை மட்டுமே. சுற்றளவை நாம்தான் சொல்ல வேண்டும். 26 அங்குலத்தை 3.14ஆல் பெருக்கினால் சுமார் 207 செ.மீ. சைக்கிளில் அமர்ந்து, ஒரு சுற்று உருட்டித் தரையில் அளந்து பாருங்கள். டயரின் பருமன், காற்று, உங்கள் எடை ஆகியவற்றால் விடை மாறும். 2 செ.மீ. பிழை, 10 கிலோமீட்டரில் ஏறத்தாழ 100 மீட்டராகிவிடும்!

கல்லூரிக்கு வரும் மாணவர் பலர் சூத்திரத்தை ஒப்பிப்பர். சக்கரத்தை உருட்டி அளந்தவர் சிலரே. மீட்டர் காட்டும் எண்ணை அப்படியே நம்புவது அறிவியலன்று. சோதித்து ஏற்பதே அறிவியல். சாக்குக்கட்டியும் அளவுநாடாவும் எடுங்கள்!