நன்மை வாங்க வெட்கமா?

நற்கருணை உட்கொள்வதை எமது ஊர்களில் 'நன்மை வாங்குதல்' என்றே முதியோர் சொல்வர். 2009 ஆம் ஆண்டு முகாமொன்றில் பூசை ஒப்புக்கொடுத்தபோது, நன்மை வாங்க எழும்பாமல் பின்னால் இருந்துவிட்ட ஒரு தாயைக் கண்டோம். பூசை முடிந்ததும் காரணம் கேட்டோம். "மாத்திக் கட்ட ஒரு சீலை இல்லை சுவாமி. இந்தக் கோலத்திலை எப்பிடி முன்னுக்கு வாறது?" என்றார்.

தகுதியற்றவர் தாமே என்று அத்தாய் எண்ணிக்கொண்டார். தகுதியின்றி இவ்வப்பத்தை உண்ணக்கூடாது எனப் புனித பவுல் எழுதியது உண்மையே. ஆனால் அதை அவர் யாருக்கு, எதற்காக எழுதினார்?

கி.பி. 55 ஆம் ஆண்டளவில் கொரிந்து நகரத் திருச்சபைக்கு அவர் எழுதிய திருமுகம் அது. அக்காலத்தில் ஆண்டவரின் திருவிருந்து, வீடுகளில் ஒரு சாப்பாட்டுடன் சேர்ந்தே நடைபெற்றது. உள்ளவர்கள் மற்றவர்களுக்குக் காத்திராமல் உண்டு குடித்தனர். இல்லாதவர்கள் பசியோடு இருந்தனர். பவுல் சினந்தது இதற்காகவே. இல்லாதவரை வெட்கப்படுத்திக்கொண்டு உண்பது ஆண்டவரின் விருந்தே அல்ல என்றார். ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கச் சொன்னார். மனச்சோதனை செய்து, பாவசங்கீர்த்தனம் செய்து வருவது அவசியமே. ஆனால் வெட்கப்பட வேண்டியவர் பழைய சீலை உடுத்தவர் அல்லர், அவரைப் பின்னால் இருக்கவிட்ட நாமே.

கி.பி. 155 ஆம் ஆண்டளவில் புனித யுஸ்தீன் உரோமையில் ஞாயிறு வழிபாட்டைப் பற்றி எழுதினார். வரமுடியாதவர்களுக்குத் தியாக்கோன்மார் நற்கருணையை எடுத்துச் சென்றனர். வசதியுள்ளோர் மனமுவந்து கொடுத்தவை அநாதைகள், விதவைகள், நோயாளர், சிறைப்பட்டோர், வேற்றிடத்திலிருந்து வந்து தங்கியோர் ஆகியோருக்குச் சென்றன. இடம்பெயர்ந்தவர் அன்றே அந்தப் பந்தியில் நினைக்கப்பட்டார்.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கான மக்கள் வெளியேறியபோது, தென்மராட்சியில் வீட்டு விறாந்தையையும் கிணற்றையும் முன்பின் அறியாதவர்களுக்குத் திறந்துவிட்டவர்கள் பலர். அவர்களுள் எத்தனையோ பேர் நற்கருணை என்ற சொல்லையே அறியாத சைவ மக்கள். நற்கருணையின் பொருளை அவர்களிடமிருந்தும் நாம் கற்கவேண்டும். மறுபுறத்தில், காலையில் ஒரே அப்பத்தை உண்டுவிட்டு மாலையில் 'வந்தாக்கள்' கிணற்றில் வாளி போடக்கூடாது என்று மறித்த ஊரவரையும் கண்டோம். முந்தி வந்த குடும்பம், பிந்தி வந்த குடும்பத்தின் பெயர் நிவாரணப் பட்டியலில் சேராமல் தடுத்ததையும் கண்டோம். துன்பப்பட்டவர் என்பதால் நாம் இப்பழிக்கு விலக்கானவர்கள் அல்லர்.

பீடத்தில் வைக்கப்படும் அப்பம் மண்ணில் விளைந்தது, ஓர் உழவனின் உழைப்பில் உருவானது. இன்னும் சொந்தக் காணிக்குத் திரும்பாத விவசாயிக்கு இது நன்கு விளங்கும். விதைப்பதற்கு நிலமின்றி நிற்கும் அவருடைய வெறுங்கையையும் சேர்த்தே அங்கு ஒப்புக்கொடுக்கிறோம். ஆண்டவர் அந்த அப்பத்தில் தம்மையே தருகிறார். அவரை வாங்குகிறவர் அவருடைய மக்களையும் சேர்த்தே வாங்குகிறார். ஆளை ஒதுக்கிவிட்டு ஆண்டவரை மட்டும் வாங்க முடியாது.

ஆகவே நாம் கேட்பது சிறிய காரியம். ஞாயிறு பூசைக்கு வரும் ஒவ்வொரு வீடும், உலை வைக்கும்போது எடுத்து வைத்த பிடியரிசியைக் கொண்டுவரட்டும். அடுப்பெரியாத வீட்டுக்கு அது அன்றைக்கே, பெயர் சொல்லாமல் போய்ச் சேரட்டும். கிணற்றுக்காக, வரம்புக்காகப் பேச்சை நிறுத்தியவர்கள் பூசைக்கு முன்னரே பேசிக்கொள்ளட்டும். நன்மை வாங்க எழும்பும்போது ஒரு தடவை பின்னுக்குத் திரும்பிப் பாருங்கள். யாரும் தயங்கி இருந்தால், கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.