சூரனுக்கு நாலு தலை... ஜாக்குக்கு நானூறு!

குலசேகரன்பட்டினம்னு ஊர் பேரைச் சொன்னதும் காலேஜ்ல ரெண்டே கேள்விதான் வரும். 'இந்த வருஷம் தசராவுக்கு என்ன வேஷம்?' அப்புறம், 'ராக்கெட் எப்ப மாப்ள விடுவாங்க?' 2024 பிப்ரவரி 28-ல் இஸ்ரோ ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினதிலிருந்து ரெண்டாவது கேள்விக்குத்தான் மவுசு. அதே வருஷம் ஜூன் மாசம், இது ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லாம நான் ஒரு காரியம் பண்ணினேன். அனிமேஷன் படம் பார்க்க சென்னைக்கு ரயில் ஏறினேன்!

மும்பை சர்வதேசத் திரைப்பட விழா கேள்விப்பட்டிருப்பீங்க. 1990-ல ஆரம்பிச்சு ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை நடக்குது. ஹீரோ இன்ட்ரோ, குத்துப்பாட்டு எதுவும் கிடையாது. டாகுமென்டரி, குறும்படம், அனிமேஷன்... இவ்வளவுதான். 2024-ல் நடந்தது பதினெட்டாவது விழா, ஜூன் 15 முதல் 21 வரை. மும்பைக்குப் போக வசதியில்லாத என்னை மாதிரி ஆளுங்களுக்காகவே டெல்லி, கொல்கத்தா, புனே, சென்னையிலும் கூடவே திரையிட்டாங்க. சென்னையில தாகூர் ஃபிலிம் சென்டர். நமக்கென்ன, திருச்செந்தூர்ல செந்தூர் எக்ஸ்பிரஸ் ஏறித் தூங்கினா எழும்பூர்.

"கார்ட்டூன் பாக்கதுக்கா மெட்ராசுக்குப் போற? அதான் டி.வி.யில நாள் பூரா ஓடுதுல்லா?" - இது அம்மா.

அம்மாகிட்ட சொல்லாத காரணம் ஒண்ணு இருந்துச்சு. டிகிரியோட சேர்த்து ஒரு அனிமேஷன் கோர்ஸ்ல சேரலாம்னு பேச்சு. ஃபீஸ் லட்சக்கணக்குல. நோட்டீஸ்ல 'நூறு சதவீதம் வேலை'னு கொட்டை எழுத்து. உடன்குடிப் பக்கம் இருக்கிற பனைவிளையை அடகு வைக்க அப்பா ரெடியா இருந்தார். எங்களுக்கு இருக்கிறதே அது ஒண்ணுதான். அது போறதுக்கு முன்னாடி இந்தத் தொழிலைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பாத்துரணும்னு தோணிச்சு.

ஹால்ல பாதி நாற்காலி காலி. என் வயசுப் பசங்க கொஞ்சம், நரைச்ச தலை கொஞ்சம். டாகுமென்டரிகளுக்கு நடுவுல ஒரு குட்டி அனிமேஷன் படம். வசனம் கிடையாது. பென்சில் கோடு லேசா நடுங்கிக்கிட்டே இருக்கு, ஆனா அந்த நடுக்கத்துலதான் உயிரே இருக்கு. முடிஞ்சதும் பேர் பட்டியல் வந்துச்சு பாருங்க... நம்ம ஊர் கல்யாணப் பத்திரிகையில தாய்மாமன் வரிசை இதைவிட நீளம்!

இடைவேளையில டீக்கடை. பக்கத்துல நின்ன ஒரு அண்ணன், ஸ்டூடியோவுல வேலை பார்க்கிறவர், கணக்கு சொன்னார். சினிமாவுல ஒரு செகண்டுக்கு 24 ஃப்ரேம். ஒரே டிராயிங்கை ரெண்டு ஃப்ரேமுக்கு நிறுத்தினாக்கூட செகண்டுக்கு 12 டிராயிங். ஒரு நிமிஷத்துக்கு 720. கீதாஞ்சலி ராவ்னு மும்பைக்காரங்க, கிட்டத்தட்ட தனி ஆளா மூணு வருஷம் உட்கார்ந்து 'பிரின்டட் ரெயின்போ'ன்னு 15 நிமிஷப் படம் பண்ணி, 2006-ல கான் விழாவின் விமர்சகர் வாரத்துல விருது வாங்கியிருக்காங்க. கதை என்ன தெரியுமா? ஒரு பாட்டி, ஒரு பூனை. தனியா இருக்கிற பாட்டி தீப்பெட்டி லேபிள்ல இருக்கிற படங்களுக்குள்ள புகுந்து போறாங்க. அட, தீப்பெட்டி நம்ம கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி சரக்கு பாஸ்! அந்த வழியா எத்தனை தடவை பஸ்ல போயிருப்போம்? நம்ம பக்கத்துல ஒருத்தருக்கும் இது தோணலையேன்னு கொஞ்சம் கடுப்பாவே இருந்துச்சு.

"எந்த ஊரு தம்பி?"

"குலசை."

"சூரனுக்குத் தலை மாத்துற ஊரா? அது ரீப்ளேஸ்மென்ட் அனிமேஷன்லப்பா!"

டீ க்ளாஸ் கையில அப்படியே நின்னுபோச்சு. விஜயதசமி ராத்திரி கடற்கரையில நாம பார்க்கிறதுதான். முதல்ல மகிஷாசூரன் தன் முகத்தோட வருவான். அடுத்து சிங்கத் தலை, எருமைத் தலை, கடைசியில சேவல். உடம்பு அதே உடம்பு. பொம்மைப் படக்காரங்க செய்றதும் இதைத்தான். ஒரு தலையை வச்சு ஒரு ஃப்ரேம் எடு, கழட்டு, அடுத்த தலையை மாட்டு. 1993-ல் வந்த 'தி நைட்மேர் பிஃபோர் கிறிஸ்துமஸ்' படத்துல ஜாக்னு ஒரு எலும்புக்கூடு ஹீரோ. அவனுக்கு மட்டும் சுமார் 400 தலை செஞ்சாங்களாம். 2009-ல வந்த 'கோரலைன்'ல முகங்களை 3டி பிரின்டர்லயே அடிச்சாங்க.

ஒரு வித்தியாசம் உண்டு. சினிமாவுல தலை மாத்துற கை தெரியாது. குலசையில லட்சக்கணக்கான பேர் பார்க்கப் பார்க்கத்தான் மாத்துறாங்க. ஆனா, 'தலையைக் கழட்டி மாட்டுறாங்க'ன்னு அப்பா தோள்ல உட்கார்ந்திருக்கிற ஒரு பொடியன்கூட சொல்ல மாட்டான். 'எப்பா, சிங்கமா மாறிட்டான்!'னுதான் கத்துவான். நடுவுல இருக்கிற இடைவெளியை அவனே நிரப்பிக்கிறான். 21 நாள், 41 நாள் விரதம் இருந்து காளி வேஷம் கட்டுற எங்க தெரு அண்ணனை அவங்க அம்மாவே கையெடுத்துக் கும்பிடுறதும் இதே கணக்குதான். எந்த சாஃப்ட்வேரும் இதைச் செஞ்சு தராது.

வேலை விஷயத்தையும் அந்த அண்ணன் ஒளிக்கலை. 'லைஃப் ஆஃப் பை' புலியை உருவாக்கின ரிதம் அண்ட் ஹ்யூஸ் கம்பெனி 2013 பிப்ரவரியில திவால் மனு கொடுத்துச்சு. அதே மாசம் அதே படத்துக்கு ஆஸ்கர்! அவர் இதைச் சொல்லி எட்டே மாசத்துல, 2025 பிப்ரவரியில டெக்னிகலர் குழுமம் சரிஞ்சு, பெங்களூருல ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை போச்சு. திறமையில்லாம போகலை, கம்பெனி கணக்கு இடிச்சதால போச்சு. நோட்டீஸ்ல இதுக்கெல்லாம் கொட்டை எழுத்து கிடையாது.

ஊருக்கு வந்து, "கோர்ஸ் இப்ப வேண்டாம்ப்பா"ன்னேன்.

"ஏலே, பயந்துட்டியா?"

"இல்லப்பா. முதல்ல ஒரு நிமிஷப் படம் எடுக்கேன். 720 படம். அதுக்கப்புறமும் சலிக்கலைன்னா பேசுவோம்."

அப்பா ஒண்ணும் சொல்லலை. ஆனா மறுநாள் குளத்துக் களிமண் ஒரு சாக்கு, வாசல்ல கிடந்துச்சு.

செல்போனை ஸ்டூல்ல கட்டி வச்சு, ஸ்டாப் மோஷன் ஆப் ஒண்ணு இறக்கி, மூணு பேர் சேர்ந்து எடுத்துக்கிட்டிருக்கோம். அக்டோபர் 28 சர்வதேச அனிமேஷன் தினம். 1892-ல எமில் ரெய்னோ பாரிஸ்ல, கையால வரைஞ்ச படங்களைத் திரையில ஓடவிட்டு ஜனங்களுக்குக் காட்டின நாள். அதுக்குள்ள முடிச்சு டிபார்ட்மென்ட்ல போட்டுடணும்னு பிளான். மகிஷாசூரன், சிங்கம், எருமை மூணும் ஓகே. சேவலுக்குத்தான் கொண்டை நிக்க மாட்டேங்குது, லைட் சூட்டுல சாயுது. உள்ளே கம்பி வச்சும் பார்த்தாச்சு. யாருக்காவது வழி தெரிஞ்சா சொல்லுங்க பாஸ்!