முந்தி ஏறுவோர் முந்திச் சேர்வதில்லை

பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பது எம்மவர் பழமொழி. பந்தியில் இலைகள் குறைவு. பிந்தியவர் அடுத்த பந்திவரை காத்திருக்க வேண்டும். ஆகவே அங்கு முந்துவதில் பொருள் உண்டு. ஆனால் வந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் இலை போட்டு, இன்னாருக்கு இன்ன இலை என்று இலக்கமும் இட்டு வைத்திருக்கும் பந்தியில் முந்தி அமர்வதற்காகப் பணம் கொடுப்பதை என்னவென்பது? இன்று விமான நிறுவனங்கள் பல தமது பயணிகளிடம் கேட்பது ஏறத்தாழ இதனைத்தான். பயணச்சீட்டின் விலைக்கு மேலாக ஒரு தொகையைச் செலுத்தினால் ஏனையோருக்கு முன்னதாக விமானத்தில் ஏறலாம் என்கின்றன. அத்தொகையைச் செலுத்துவதால் பயனுண்டா என்பதை நாம் நிதானமாக ஆராய்வது தகும்.

இது வசதி படைத்தோரின் விவகாரம் எனக் கருதி ஒதுக்கிவிடக் கூடியதன்று. பூநகரி போன்றதொரு பிரதேசத்தில் கடன்பட்டு மத்திய கிழக்குக்குத் தொழில் தேடிச் செல்லும் இளைஞர்களும் பெண்களும் உள்ளனர். லண்டனிலும் பாரிஸிலும் ரொறன்ரோவிலும் வாழும் பிள்ளைகளைக் காணப் புறப்படும் முதியோர் உள்ளனர். நாச்சிக்குடாவில் மீளக் குடியேறிய முஸ்லிம் குடும்பங்களிடையே உம்றாவுக்கெனச் சிறுகச் சிறுகச் சேமிப்போரும் உள்ளனர். இவர்களுட் பெரும்பாலானோர் 300 கிலோமீற்றருக்கும் அதிகமான தூரத்தைத் தரைவழியே கடந்து கட்டுநாயக்கவை அடைகின்றனர். 2019 ஒக்டோபர் 17ஆம் திகதி பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டமையும், கொவிட் காலத்தில் தடைப்பட்ட சென்னைச் சேவை 2022 டிசெம்பரில் மீண்டும் ஆரம்பமானமையும், 2024 செப்டெம்பரில் இண்டிகோ நிறுவனமும் அவ்வழியில் இணைந்துகொண்டமையும் விமானப் பயணத்தை எமது வாசலுக்கு அண்மையில் கொண்டுவந்துள்ளன. பயணம் அண்மித்தது போலவே அதனோடு ஒட்டிய வணிகமும் அண்மித்துள்ளது.

முதலில், விற்கப்படுவது யாது என்பதைத் தெளிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலான விமானங்களில் ஆசன இலக்கம் முற்கூட்டியே வழங்கப்படுகின்றது. முதலாவதாக ஏறியவரும் கடைசியாக ஏறியவரும் தத்தமக்குரிய ஆசனத்திலேயே அமர்கின்றனர். கதவு ஒரே வேளையில் மூடப்படுகின்றது; விமானம் எல்லோரையும் ஒரே வேளையில் தரையிறக்குகின்றது. முந்தி ஏறியவர் பெற்ற உறுதியான பலன், ஒடுங்கிய ஆசனத்தில் மேலும் இருபது முப்பது நிமிடங்கள் அமர்ந்திருந்தமையே. விமானத்தடிக்குப் பயணிகளை பஸ்ஸில் ஏற்றிச் செல்லும் சந்தர்ப்பங்களில் அதுவும் இல்லாமற் போவதுண்டு. பஸ்ஸில் முதலில் ஏறி உள்ளே சென்றவர் கதவருகே நிற்பவர்கள் இறங்கிய பின்னரே இறங்க முடிகின்றது. பலாலிக்கு வந்து செல்லும் ஏ.ரி.ஆர். ரக விமானத்தில் எழுபது எண்பது பேரே பயணிக்க முடியும். அத்தகைய சிறு விமானத்தில் முன்னுரிமை என்பது சில நிமிட வித்தியாசமே.

அவ்வாறாயின் மக்கள் ஏன் பணம் செலுத்துகின்றனர்? விடை ஆசனத்தில் இல்லை. ஆசனத்துக்கு மேலுள்ள பெட்டித் தட்டில் இருக்கின்றது. பெரிய பொதிகளுக்குத் தனிக் கட்டணம் அறவிடும் வழக்கம் பரவியதும் பயணிகள் கைப்பெட்டிகளைப் பெருக்கினர். தட்டுகள் விரைவில் நிரம்பலாயின. பிந்தி ஏறுவோரின் பெட்டிகள் வாயிலிலேயே பறிக்கப்பட்டு விமானத்தின் அடிப்பகுதிக்கு அனுப்பப்படலாயின. ஐரோப்பாவின் ரயன்எயார் நிறுவனம் 2018 நவம்பரில் இதனை வெளிப்படையான விதியாகவே ஆக்கியது. முன்னுரிமைக் கட்டணம் செலுத்தியவர் இரு கைப்பொதிகளை உள்ளே கொண்டு செல்லலாம்; செலுத்தாதவருக்கு ஆசனத்தின் கீழ் அடங்கும் சிறு பை மாத்திரமே. அங்கு முன்னுரிமை என்ற பெயரில் விற்கப்படுவது உண்மையில் பொதிக்கான இடமாகும். எனவே அதனைப் பொதிக் கட்டணத்தோடு ஒப்பிட்டே தீர்மானிக்க வேண்டும், கௌரவத்தோடு ஒப்பிட்டன்று.

ஏறும் ஒழுங்கைச் சீர்செய்து எல்லோருடைய நேரத்தையும் மிச்சப்படுத்த வழியில்லையா என்ற வினாவும் எழுகின்றது. ஜேசன் ஸ்டெஃபன் என்ற அமெரிக்க வானியற்பியலாளர் 2008இல் கணினி மூலம் இதனை ஆராய்ந்தார். பின்வரிசைகளிலிருந்து முன்னோக்கித் தொகுதி தொகுதியாக ஏற்றும் முறை, எவ்வித ஒழுங்குமின்றி ஏற்றுவதைக் காட்டிலும் மெதுவானது என்பதை அவர் காட்டினார். அருகருகே அமர்வோர் ஒரே வேளையில் ஒருவரையொருவர் மறித்து நிற்காதவாறு, இடைவெளி விட்டு ஏற்றும் முறையே விரைவானது என்பதும் அவரது முடிபாகும். ஆயினும் பணம் செலுத்தியவர், அட்டை வைத்திருப்பவர், அடிக்கடி பயணிப்பவர் எனப் பயணிகளை வகுத்து ஏற்றுவதால் வருமானம் கிட்டுகின்றது. ஆகவே விரைவான ஒழுங்குக்கு அங்கு இடமில்லை.

முந்துதல் எப்போது பெறுமதியுடையது என்பதை உணர்வதற்குப் பூநகரியார் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. கேரதீவையும் சங்குப்பிட்டியையும் இணைத்து முன்னாளில் 'பாதை' ஓடிற்று. அதில் ஏற்றக்கூடிய வாகனங்கள் சிலவே. இடம் கிடைக்காதவர் பாதை அக்கரை சென்று மீளும்வரை கரையில் நின்றாக வேண்டும். அங்கு முந்தியவர் உண்மையாகவே முந்திச் சேர்ந்தார். 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டதும் அந்த முந்துதலுக்கு விலையில்லாமற் போயிற்று. இடம் நிச்சயமில்லாத இடத்தில் முன்னுரிமைக்குப் பெறுமதி உண்டு. இடம் நிச்சயமான இடத்தில் அதற்குப் பெறுமதி இல்லை. எமது அளவுகோல் இதுவே. ஆசனம் ஒதுக்கப்பட்ட விமானம் பாதையைப் போன்றதன்று.

எனினும், அழைப்பு விடுக்கப்படுமுன்னரே வாயிலில் நெருக்கியடித்து நிற்கும் எம்மவரை நாம் எள்ளி நகையாடுவதற்கில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள், கிடைத்த வாகனத்தில் ஏறியோ கால்நடையாகவோ தப்பிச் செல்ல வேண்டியிருந்தது. தொண்ணூறுகளின் முற்பகுதியில் கிளாலிக் கடல்நீரேரியை இரவில் படகேறிக் கடந்த தமிழர்களுள் பலர் அக்கரையை அடையவேயில்லை. 2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்ட பின்னர், யாழ். குடாநாட்டு மக்கள் பயண அனுமதிக்காகவும் கப்பலிலும் விமானத்திலும் ஓரிடத்துக்காகவும் காத்துக் கிடந்தனர். பிந்தினால் விடுபட்டுப் போவோம் என்பது எமது இரு சமூகங்களும் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். அந்த அச்சம் நியாயமானது. ஆனால் அதற்கு இடமில்லாத ஓரிடத்தில் அதனைக் காசாக்க ஒருவர் முற்படும்போது நாம் விழிப்பாயிருத்தல் வேண்டும்.

அதற்காக இக்கட்டணம் எவருக்கும் பயன்படாது என்று கூறிவிட முடியாது. கைப்பெட்டியோடு மாத்திரம் பயணிப்பவர், இறங்கியவுடன் வேறொரு விமானத்தையோ கடைசிப் பஸ்ஸையோ பிடிக்க வேண்டியவராயின், பெட்டி தன்னுடனேயே இருப்பது அவருக்குப் பெறுமதியானது. உடையக்கூடிய கருவிகளைக் கொண்டு செல்வோர்க்கும் அவ்வாறே. ஆனால் வேலைக்காகப் புறப்படும் ஒருவர் அதே பணத்தைக் கொண்டு மேலதிகப் பொதி நிறையை முற்கூட்டியே வாங்குவது சாலச் சிறந்தது. விமான நிலையத்தில் அதிக நிறைக்கு அறவிடப்படும் கட்டணம் முற்பதிவுக் கட்டணத்தைவிடப் பொதுவாகவே உயர்ந்தது. ஆசனங்கள் மிகையாக விற்கப்பட்ட பயணத்தில் விடுபட்டுப் போகலாம் என அஞ்சுபவரும் காலத்தோடு வரவைப் பதிவு செய்து ஆசன இலக்கத்தைப் பெற்றுக்கொள்ள வேண்டும். வாயிலில் முந்தி நிற்பது அதற்குப் பரிகாரமாகாது.

முதியோருக்காகப் பிள்ளைகள் இக்கட்டணத்தைச் செலுத்துவதைப் பல குடும்பங்களில் காண்கின்றோம். அன்பினால் செய்யப்படும் இச்செலவு பெரும்பாலும் அவசியமற்றது. நடக்க இயலாதோர் சக்கர நாற்காலி உதவியை முற்கூட்டியே கோரினால் அவர்களை வாயிலுக்கு அழைத்துச் சென்று முதலில் ஏற்றுவது விமானத்துறையின் வழமையாகும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006ஆம் ஆண்டு ஒழுங்குவிதி இவ்வுதவியை இலவசமாகவே வழங்க வேண்டுமெனப் பணிக்கின்றது; குறைந்தது 48 மணித்தியாலங்களுக்கு முன்னர் அறிவித்தலே வேண்டப்படுவது. கைக்குழந்தையுடன் வருவோரையும் பல நிறுவனங்கள் கட்டணமின்றியே முன்னதாக ஏற்றுகின்றன. உரிமையாகக் கிடைப்பதை விலை கொடுத்து வாங்குவது வீண் விரயமாகும்.

உம்றா யாத்திரிகர் கவனிக்க வேண்டிய விடயம் வேறு. ஜித்தாவுக்கு நேரே செல்வோர் விமானம் மீக்காத் எல்லையை அடையுமுன் இஹ்ராம் அணிந்திருக்க வேண்டும். இஹ்ராம் துணி பெரிய கைப்பெட்டியில் இருந்து, தட்டு நிரம்பியதால் அப்பெட்டி அடிப்பகுதிக்கு அனுப்பப்பட்டுவிட்டால் இடர்ப்பாடு ஏற்படும். இதற்கும் தீர்வு முன்னுரிமைக் கட்டணமன்று. இஹ்ராமையும் மருந்துகளையும் ஆவணங்களையும் ஆசனத்தின் கீழ் அடங்கும் சிறு பையில் வைத்துக்கொண்டால் எப்போது ஏறினாலும் கவலையில்லை.

தனியார் நிறுவனமொன்று தன் வாயிலில் எதனை விற்றாலும் வாங்காதிருக்கும் சுதந்திரம் எமக்கு உண்டு. ஆனால் அதே வணிகமுறை அரச கருமங்களில் நுழையும்போது அச்சுதந்திரம் சுருங்குகின்றது. விமானம் ஏறுமுன் கடவுச்சீட்டு வேண்டும். 2022 நவம்பரில் ஒருநாட் சேவைக் கட்டணம் 20,000 ரூபாவாகவும், 2024 பெப்ரவரியில் சாதாரண சேவைக் கட்டணம் 10,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டன. அதே 2024இல் கடவுச்சீட்டுப் புத்தகங்களுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு, பத்தரமுல்லையில் மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றதை நாடே கண்டது. விரைவை விற்பவருக்குச் சாதாரண வரிசை மெதுவாக இருப்பதே இலாபம். அது விரைவுபட்டால் அவரது சரக்கு விலைபோகாது. விமான வாயிலில் இதன் விளைவு சிறு அசௌகரியமே. அரச வாயிலிலோ அது ஏழையின் வேலைவாய்ப்பையே பறித்துவிடக் கூடும். 2025 செப்டெம்பரில் யாழ்ப்பாணத்தில் பிராந்தியக் கடவுச்சீட்டு அலுவலகம் திறக்கப்பட்டமை வரவேற்கத்தக்கது. பணம் உள்ளவரை முன்னே விடுவதைக் காட்டிலும் வரிசையையே குறுக்குவது மேலான வழி என்பதற்கு அது சான்றாகும்.

வரிசையை நேர்மையாகக் குறுக்க முடியும் என்பதற்கு அண்மைக்கால அனுபவமும் உண்டு. 2022இல் எரிபொருளுக்காக நாட்கணக்கில் நின்ற வரிசைகளைத் தளர்த்தியது கறுப்புச் சந்தை விலையன்று; இறக்குமதி சீரடைந்ததோடு, அவ்வாண்டு ஜூலையில் அறிமுகமான கியூ.ஆர். பங்கீட்டு முறையுமே. எமது வணக்கத்தலங்களும் இதனையே உணர்த்துகின்றன. நல்லூர்க் கந்தன் ஆலயத்தில் செல்வந்தருக்கும் வறியவருக்கும் அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபாவே. பள்ளிவாசலின் முதல் ஸஃப்பை விலைக்கு வாங்க எவராலும் இயலாது. முந்தி வந்தவருக்கே அது உரியது.

ஆகவே எமது முடிபு இதுதான். உங்கள் ஆசனத்துக்கு இலக்கம் உண்டெனில், பெரிய பொதி ஏற்கெனவே ஒப்படைக்கப்பட்டு கையில் சிறு பை மாத்திரமே உண்டெனில், முந்தி ஏறுவதற்கென ஒரு சதமும் செலவிட வேண்டியதில்லை. பெட்டியைக் கட்டாயம் உடன் வைத்திருக்க வேண்டியோர், பொதிக் கட்டணத்தைவிட முன்னுரிமைக் கட்டணம் குறைவாயின், அதனைச் செலுத்தலாம். ஏனையோர் அப்பணத்தை வீட்டுக்கு அனுப்புவதே மேல். அரசாங்கத்திடமோ நாம் வேண்டுவது வேறு. அது விரைவு வரிசைக்கு விதிக்கும் கட்டணத்தைப் பற்றிப் பெருமை கொள்ளாது, கட்டணம் செலுத்த இயலாதவர் நிற்கும் வரிசை எத்தனை நாளில் நகர்கின்றது என்பதைப் பகிரங்கமாக அறிவிக்க வேண்டும். அவ்வரிசையில் நிற்போரும் இந்நாட்டின் பிரஜைகளே.