இலவச ஆலோசனைக்கு யார் காசு கொடுக்கிறார்கள்?

முதலீட்டை நாமே பார்த்துக்கொள்வதா, ஆலோசகரிடம் விடுவதா என்று விவாதிக்கிறவர்கள், அந்த ஆலோசகருக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பதில்லை. வங்கியிலோ ஏஜென்டிடமோ மியூச்சுவல் ஃபண்ட் வாங்கும்போது தனியாக எதுவும் கொடுப்பதில்லை. அதனால் ஆலோசனை இலவசம் என்று நினைத்துக்கொள்கிறோம். நம் தலையில் கட்டப்படுவது ‘ரெகுலர்’ திட்டம். விற்றவருக்கான கமிஷன் நம் முதலீட்டிலிருந்தே, அது இருக்கும்வரை கழிந்துகொண்டிருக்கும். இடைத்தரகர் இல்லாத ‘டைரக்ட்’ திட்டம் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் உத்தரவால் 2013 ஜனவரியிலேயே வந்துவிட்டது. அதே ஃபண்ட், அதே நிர்வாகி. செலவு மட்டும் பங்கு சார்ந்த பல ஃபண்டுகளில் அரை முதல் ஒரு சதவீதம் வரை குறைவு. ஒரு சதவீதம்தானே என்கிறீர்களா? மாதம் 10,000 ரூபாய் வீதம் 25 ஆண்டுகள் எஸ்ஐபி போட்டால், 12 சதவீத வளர்ச்சியில் சுமார் 1.90 கோடி சேரும். 11 சதவீதத்தில் 1.59 கோடிதான். இலவசத்தின் விலை சுமார் 31 லட்சம்.

அப்படியானால் டைரக்டில் நாமே வாங்கிவிடலாமே என்றால், செல்போனில் ஆப் இருப்பதாலேயே எல்லோரும் முதலீட்டாளர் ஆகிவிட முடியுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ் அண்ட் ஆப்ஷன்ஸ்) வர்த்தகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் நஷ்டப்பட்டதாக செபியின் ஆய்வே சொல்கிறது. மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். ஆசையில் அதில் குதிக்காமலும், சந்தை சரியும்போது பயந்து விற்காமலும் தடுக்கிற ஆலோசகர், வாங்கும் காசுக்கு மேலேயே மிச்சப்படுத்தித் தருவார். ஆனால் இந்த வாதம் ஆலோசனை தேவை என்றுதான் நிரூபிக்கிறது, கமிஷன் தேவை என்றல்ல. விற்றால்தான் வருமானம் என்ற நிலையில் இருப்பவர், ‘இப்போது எதுவும் வாங்காதீர்கள், முதலில் பர்சனல் லோனை அடைத்துவிடுங்கள்’ என்று சொல்வாரா? சொல்பவர்களும் உண்டு. அது அவர்களின் நல்ல மனசு. அதை நம்பி ஒரு ஏற்பாட்டை நடத்த முடியாது. கமிஷனைத் தொடாமல், வாடிக்கையாளரிடம் கட்டணம் மட்டும் வாங்குவதற்கென்றே செபியில் பதிவு பெற்ற ஆலோசகர்கள் இருக்கிறார்கள். இவ்வளவு பெரிய நாட்டுக்கு அவர்கள் மிகவும் குறைவு என்பது உண்மையான குறை.

பி.எஃப்., ஒரு டேர்ம் இன்ஷூரன்ஸ், டைரக்ட் திட்டத்தில் ஓர் இண்டெக்ஸ் ஃபண்ட் என்று போகும் மாதச் சம்பளக்காரருக்கு ஆலோசகரே வேண்டியதில்லை. சொத்துப் பிரிவினை, வெளிநாட்டு வருமானம், ஓய்வுக்குப் பின் மாதாமாதம் பணம் எடுப்பது போன்ற சிக்கல் வரும்போது கட்டணம் கொடுத்தே கேளுங்கள். இப்போதே ஃபண்டில் பணம் போட்டிருப்பவர்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையை எடுத்துப் பாருங்கள். உங்களுக்கு விற்றவருக்கு எவ்வளவு கமிஷன் போனது என்பது ரூபாய்க் கணக்கிலேயே அதில் அச்சாகியிருக்கும்.