குதிரைவீரன் பெயரில் ஒரு மருத்துவத் திட்டம்



கிர்கிஸ்தான் என்னும் பெயர் நம் பங்கு மக்களுக்கு இன்று புதியதன்று. மருத்துவம் பயிலவென்று பிஷ்கேக் நகருக்கும் ஓஷ் நகருக்கும் பிள்ளைகளை அனுப்பிவைத்த பெற்றோர் தமிழகத்தில் பலர் உள்ளனர். அங்குக் கல்லூரிக் கட்டணம் எவ்வளவு, பனிக்காலத்துக் குளிர் எத்தகையது என்பதெல்லாம் அவர்களுக்கு நன்கு தெரியும். ஆனால் அந்நாட்டு ஏழை நோயுற்றால் அவனை யார் கவனிக்கிறார்கள், அதற்கான பணம் எங்கிருந்து வருகிறது என்று நாம் கேட்பதில்லை. கேட்கத் தகுந்த கேள்வி அது. ஏனெனில், பிறநாடுகளின் உதவியைக் கொண்டு தன் மருத்துவ அமைப்பையே திருத்திக்கொள்ள முயன்ற நாடு அது. அம்முயற்சியில் பெருமளவு வென்ற நாடு. ஓரிடத்தில் தோற்ற நாடும்கூட.

முதலில் பழைய கதையைச் சிறிது காண்போம். 1918ஆம் ஆண்டு சோவியத் அரசின் முதல் நலவாழ்வுத் துறை ஆணையராகப் பொறுப்பேற்ற நிக்கோலாய் செமாஷ்கோ என்பவர் வகுத்த முறையே சோவியத் நாடு முழுவதும் நிலைபெற்றது. மருத்துவம் முற்றிலும் அரசின் பொறுப்பு; நோயாளி காசு தரவேண்டியதில்லை. மலையிடுக்கில் இருக்கும் சிற்றூரிலும் ஒரு நிலையம் இருக்கும். அதில் ‘பெல்ட்ஷர்’ எனப்படும் உதவி மருத்துவரும் ஒரு மருத்துவச்சியும் இருப்பர். நிலப்பரப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மலையாகவே உள்ள ஒரு நாட்டில் இது சிறிய காரியமன்று. அம்முறையின் நன்மையை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

ஆயினும் அதன் உள்ளே ஒரு புழு இருந்தது. மருத்துவமனைக்கு அரசு பணம் ஒதுக்கியது, அங்குள்ள படுக்கைகளை எண்ணி. குணமாகிச் சென்றவர்களை யாரும் எண்ணவில்லை. படுக்கை மிகுந்தால் பணமும் மிகும். படுக்கை காலியாக இருந்தால் கேள்வி எழும். எனவே நோயாளியை இரண்டு வாரங்களேனும் படுக்க வைப்பதே வழக்கமாயிற்று. ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 12 படுக்கைகள் என்ற அளவுக்கு எண்ணிக்கை பெருகியது. காசநோய்க்கு ஒரு மருத்துவமனை, பேறுகாலத்துக்கு ஒன்று, தொற்றுநோய்க்கு ஒன்று, தோல் நோய்க்கு ஒன்று எனக் கட்டடங்கள் எழுந்தன. வேடிக்கை என்னவெனில், 1978 செப்டம்பரில் உலக நாடுகளின் பேராளர்கள் கூடி, ‘மக்களுக்கு அருகில் கிடைக்கும் ஆரம்ப மருத்துவமே அடிப்படை’ என்று அறிக்கை வெளியிட்ட இடம் அல்மா-அத்தா. கிர்கிஸ் தலைநகரிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் அடையக்கூடிய நகரம் அது! அறிக்கை உலகெங்கும் சென்றது. அடுத்த வீட்டுக்கு வந்துசேர ஆண்டுகள் பல ஆயின.

1991 ஆகஸ்ட் 31 அன்று கிர்கிஸ்தான் விடுதலையை அறிவித்தது. மாஸ்கோவிலிருந்து வந்துகொண்டிருந்த மானியம் நின்றது. ஆலைகள் மூடப்பட்டன. நான்கைந்து ஆண்டுகளில் நாட்டின் உற்பத்தி ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கியது. மருத்துவமனைக் கட்டடங்கள் மட்டும் அப்படியே நின்றன. அந்தக் குளிரில் கட்டடத்தைச் சூடாக வைத்திருக்காமல் முடியாது. அரசு கொடுத்த சொற்பப் பணத்தை வெப்பமூட்டலும் மின்சாரமும் சம்பளமும் விழுங்கின. மருந்துக்கு எஞ்சியது மிகக் குறைவு. நோயாளி தன் மருந்தையும், ஊசியையும், படுக்கை விரிப்பையும், உணவையும் தானே கொண்டுவர வேண்டியதாயிற்று. அதற்கு மேல் மருத்துவருக்கு இரகசியமாகக் கொடுக்கும் பணம் வேறு. சட்டத்தில் இலவசம்; வாழ்வில் ஆட்டையும் மாட்டையும் விற்றுச் செய்யும் வைத்தியம்.

இந்நிலையில்தான் ‘மனாஸ்’ என்னும் தேசியத் திட்டம் 1996இல் தொடங்கியது. மனாஸ் என்பவன் கிர்கிஸ் மக்களின் பெருங்காப்பிய வீரன். அக்காப்பியத்தின் ஆயிரமாவது ஆண்டு விழாவை 1995இல்தான் கொண்டாடியிருந்தார்கள். மருத்துவத் திட்டத்துக்குக் குதிரைவீரன் பெயர் எதற்கு என்று நகைக்கலாம். எமக்கோ அதில் பொருள் உண்டென்று தோன்றுகிறது. உலக நலவாழ்வு நிறுவனம் திட்டம் வகுக்கத் துணைநின்றது. உலக வங்கி கடன் கொடுத்தது. அமெரிக்க உதவி நிறுவனம் இஸ்ஸிக்-குல் ஏரிப்பகுதியில் சோதனை முயற்சிக்குக் கைகொடுத்தது. சுவிட்சர்லாந்தும் ஜெர்மனியும் பிரிட்டனும் பின்னர்ச் சேர்ந்தன. ஆனால் பெயர் தம்முடையது. ‘இது எங்கள் திட்டம், நீங்கள் துணைவர்’ என்று அதிலேயே சொல்லிவிட்டார்கள்.

திட்டத்தின் நுட்பம் பணம் ஓடும் வாய்க்காலை மாற்றியதில் இருந்தது. 1997இல் கட்டாய மருத்துவக் காப்பீட்டு நிதி இயங்கத் தொடங்கியது. 2001இல் சூய், இஸ்ஸிக்-குல் ஆகிய இரு மாநிலங்களில், மருத்துவத்துக்கான அரசுப் பணம் முழுவதையும் அந்த ஒரே நிதியில் சேர்த்தார்கள்; 2004க்குள் நாடு முழுவதும் இம்முறை பரவியது. அதன்பின் படுக்கைக்குப் பணமில்லை. சிகிச்சை பெற்ற நோயாளி ஒருவருக்கு இவ்வளவு என்று மருத்துவமனைக்கும், தம்மிடம் பதிவு செய்துகொண்ட மக்கள் தலைக்கு இவ்வளவு என்று குடும்ப மருத்துவருக்கும் நிதி செலுத்தியது. வெற்றுக் கட்டடத்தைச் சூடாக்குவது நட்டம் என்பது மருத்துவமனைத் தலைவருக்கு உடனே விளங்கிற்று! பயனற்ற கட்டடங்கள் மூடப்பட்டன. படுக்கைகள் பாதிக்கும் கீழாகக் குறைந்தன. மிச்சமான பணத்தில் ஒரு பகுதி மருந்தாக நோயாளியிடம் வந்தது. குழந்தை மருத்துவர், மகப்பேறு மருத்துவர், பொது மருத்துவர் எனப் பிரிந்திருந்தோர் குடும்ப மருத்துவராக மறுபயிற்சி பெற்றனர்.

இன்னொன்றும் செய்தார்கள். மருத்துவமனையில் சேரும்போது, முன்கூட்டி அறிவிக்கப்பட்ட ஒரு தொகையை நோயாளி ஒருமுறை கட்டி, இரசீது பெறவேண்டும் என்றார்கள். ஏழையிடமா கட்டணம் என்று முகம் சுளிப்போர் உண்டு. ஆனால் அவன் முன்னரும் கொடுத்துக்கொண்டுதானே இருந்தான்? எவ்வளவு கேட்பார்கள் என்று தெரியாமல், இரசீதும் இல்லாமல், அச்சத்தோடு கொடுத்துக்கொண்டிருந்தான். அளவு தெரிந்த கட்டணம் அந்த அச்சத்தைக் குறைத்தது. பிள்ளைப்பேற்றுக்கும், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும், மிக முதியோருக்கும் பின்னர் விலக்கு அளிக்கப்பட்டது. வீடுவீடாகச் சென்று எடுத்த ஆய்வுகள், மருந்துக்கும் உணவுக்கும் நோயாளி தனியே தரும் பணம் முதலில் குறைந்ததைக் காட்டின. மருத்துவர் கையில் வைக்கும் பணம் அவ்வளவு எளிதில் ஒழியவில்லை. மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்த இயலாத மருத்துவரிடம் ‘வாங்காதே’ என்று சுற்றறிக்கை அனுப்பினால் மட்டும் போதுமா?

உதவி செய்வோரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஏழை நாடுகளில் வழக்கமாக நடப்பது இது: ஒவ்வொரு வெளிநாடும் தனித் திட்டம், தனி அலுவலகம், தனிக் கணக்கு, தனி மோட்டார் வண்டி வைத்துக்கொள்ளும். அரசு அலுவலகத்தில் திறமையோடு பணிபுரிபவரை மும்மடங்கு சம்பளம் கொடுத்து இழுத்துக்கொள்ளும். பிறகு, ‘இந்த அமைச்சகத்தில் திறமையானவர்களே இல்லை’ என்று அறிக்கை எழுதும். கிர்கிஸ்தானில் 2006ஆம் ஆண்டு ‘மனாஸ் தாலிமி’ என்ற இரண்டாம் திட்டம் தொடங்கியபோது, உலக வங்கியும் ஐரோப்பிய நாடுகள் சிலவும் தங்கள் பணத்தைப் பொதுவாகச் சேர்த்து அரசின் வரவுசெலவுத் திட்டத்தின் வழியாகவே செலவிட ஒப்பினர். கணக்கு வைக்கும் பொறுப்பு அமைச்சகத்துக்கு வந்தது. வந்த உதவியைக் காட்டி அரசு தன் பங்கைக் குறைக்கக்கூடாது என்ற நிபந்தனையும் சேர்ந்தது. 2005இலும் 2010இலும் ஆட்சிகள் கவிழ்ந்தன. அமைச்சர்கள் வந்தனர், போயினர். திட்டம் தொடர்ந்து நடந்தது. பின்னர் ‘டென் சோலுக்’ என்ற மூன்றாம் திட்டமும் வந்தது.

நமக்கு மிகப் பிடித்த பகுதி சிற்றூர்க் குழுக்கள். சுவிட்சர்லாந்தின் உதவியோடு நாரின் மலைப்பகுதியில் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தோன்றிய இக்குழுக்கள், பின்னர் நாட்டின் பெரும்பாலான சிற்றூர்களுக்குப் பரவின. ஊதியமில்லாத தொண்டு, பெரும்பாலோர் பெண்கள். ‘உங்களை எந்த நோய் அதிகம் வாட்டுகிறது?’ என்று முதலில் ஊராரையே கேட்டார்கள். கழுத்துக்கழலை என்றும், கால்நடையிலிருந்து தொற்றும் புருசெல்லா காய்ச்சல் என்றும் விடை வந்தது. உடனே கடைகடையாகச் சென்று, உப்பில் அயோடின் இருக்கிறதா என்று ஒரு துளி மருந்து விட்டுச் சோதித்தார்கள். அயோடின் உள்ள இடத்தில் உப்பு நீலமாகும்; நிறம் மாறாத உப்பை விற்கும் கடைக்காரருக்கு ஊர்ப்பெண்கள் முன்னிலையில் தலைகுனிவு. அதிகாரிகளின் சோதனையைவிட இது பயன் தந்திருக்கும் என்பதில் நமக்கு ஐயமில்லை.

தோல்வி எங்கே? மருந்துக் கடையில். மருத்துவமனைச் செலவைத் திட்டம் கவனித்தது; வீட்டிலிருந்தபடியே நாள்தோறும் மாத்திரை உண்ண வேண்டிய இரத்த அழுத்த நோயாளியையும் நீரிழிவு நோயாளியையும் போதிய அளவு கவனிக்கவில்லை. காப்பீட்டு நிதி சில மருந்துகளுக்கு விலைச் சலுகை தந்தது உண்மை. ஆனால் பட்டியல் சிறிது. விலையோ கட்டுப்பாடின்றி ஏறியது. தொடக்கத்தில் இறங்கிய மக்களின் சொந்தச் செலவு பின்னர் மீண்டும் ஏறியதற்கு மருந்து விலையே முதற்காரணம். சம்பளம் போதாமல் மருத்துவர்கள் ரஷ்யாவுக்கும் கசக்ஸ்தானுக்கும் சென்றுவிடுவது மற்றொரு புண்.

2025 சனவரியில் அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தது. இஸ்ஸிக்-குல் சோதனைக்குக் கைகொடுத்த அந்த உதவி நிறுவனமே அவ்வாண்டு சூலை 1 அன்று தன் பணியை முடித்துக்கொண்டது. மருத்துவமனைகளுக்கும் குடும்ப மருத்துவர்களுக்கும் பணம் செலுத்துவது கிர்கிஸ் நாட்டுக் காப்பீட்டு நிதி. அவ்வேலை அமெரிக்கர் கையில் ஒருபோதும் இருந்ததில்லை. காசநோய், எச்.ஐ.வி. ஆகியவற்றின் நிலை அவ்வாறன்று. அவற்றுக்கான மருந்துக்கும் பரிசோதனைக்கும் வெளிநாட்டுப் பணத்தையே அந்நாடு நெடுங்காலம் பெரிதும் சார்ந்திருந்தது. வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் அங்கு மிகுதி. அதற்கான மருந்தைப் பல மாதங்கள் இடைவிடாது உட்கொள்ள வேண்டும். நடுவில் நின்றால் கிருமி மேலும் வலுப்பெற்று அடுத்தவரைத் தொற்றும். அந்த மாத்திரைக்கான பணத்தைப் பிஷ்கேக் அரசு தன் சொந்தக் கருவூலத்திலிருந்து முழுவதுமாக எப்போது ஒதுக்கும் என்றுதான் அந்நாட்டு நோயாளிகள் இப்போது கேட்க வேண்டியிருக்கிறது.