திரையில் தெரியும் எண்

கணக்குப் பாடத்தில் விரிதாளைப் பயன்படுத்தினால் மாணவரின் சிந்தனை மழுங்கும் என்பர் சிலர். குறை கருவியிடம் இல்லை. அது காட்டுவதை ஆராயாமல் ஏற்பதில்தான் இருக்கிறது.

ஓர் எண்ணின் வர்க்கத்தைத் தரும் சூத்திரத்தில் -2, 0, 2 ஆகிய மதிப்புகளை மட்டும் இட்டு, புள்ளிகளை நேர்கோடுகளால் இணைத்தால் கூர்முனை தோன்றும். இடையே பல மதிப்புகளைச் சேர்த்தால்தான் வளைவு புலப்படும்.

எண்ணும் அத்தகையதே. ஒன்றை மூன்றால் வகுத்து, இரண்டு தசம இடங்கள் மட்டும் தெரியச் செய்தால் கட்டத்தில் 0.33 தோன்றும். அக்கட்டத்தை மூன்றால் பெருக்கினால் 0.99 வருவதில்லை, 1.00 வருகிறது. சுருங்கியது தோற்றமே, கணினியில் உள்ள மதிப்பு சுருங்கவில்லை.

மதிப்பையே இடையில் சுருக்கினால் என்ன நேரும்? கனடாவின் வான்கூவர் பங்குச் சந்தைக் குறியீடு 1982-இல் 1000 புள்ளிகளுடன் தொடங்கியது. அது நாள்தோறும் ஆயிரக்கணக்கான முறை கணக்கிடப்பட்டது. ஒவ்வொரு முறையும் மூன்றாம் தசம இடத்துக்குப் பிந்தைய இலக்கங்கள் முழுமையாக்கப்படாமல் வெட்டப்பட்டன. 1983 நவம்பரில் ஏறத்தாழ 525 என நின்ற குறியீடு, பிழை திருத்தப்பட்டபோது ஏறத்தாழ 1099 ஆயிற்று. சிறு துளி பெருவெள்ளம் என்பது பிழைக்கும் பொருந்தும்.

ஆதலால், மாணவர் சில புள்ளிகளையேனும் முதலில் கையால் குறித்துப் பார்த்தல் வேண்டும். பின்னர் விரிதாளை நாடலாம். முழுமையாக்குதலை இறுதி விடைக்கு உரியதாக வைத்தல் வேண்டும். கணினி விரைந்து கணக்கிடும். விடை பொருந்துமா என வினவுவது மனிதரின் கடமை.