கைப்பிடியைக் கழற்றுமுன்

கார்த்திகைத் தீபத்துக்கும் பௌர்ணமி கிரிப்பிரதட்சிணத்துக்கும் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு திருவண்ணாமலைக்கு வந்துபோகும் வாடகைக் கார்களில், கைப்பிடியைச் சுற்றிக் கண்ணாடி இறக்கும் பழைய வண்டிகள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. ஊர் எல்லையில் தடுப்பு வைத்து நிற்கும் காவலர் இடப்பக்கத்திலிருந்து ஏதோ கேட்க, டிரைவர் தம் ஆசனத்திலிருந்து எட்டிச் சாய்ந்து அந்தப் பக்கத்துக் கைப்பிடியைத் தேட வேண்டியிருக்கிற சங்கடத்தையும், வண்டியை நிறுத்திய பின்னர் நான்கு கதவுகளுக்கும் சுற்றிவந்து கண்ணாடி ஏற்ற வேண்டியிருக்கிற சிரமத்தையும் எண்ணிப் பார்த்தால், ‘பவர் விண்டோ போட்டுக் கொடுங்கள்’ என்று அவர் நம் பட்டறைக்கு வருவதை ஆடம்பரம் என்று எவரும் சொல்லமாட்டார்கள்.

1940-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பேக்கார்டு 180 போன்ற சீமான்களின் கார்களில் அலங்காரமாகத் தோன்றிய இந்த வசதி, இன்று சாமானியரும் எதிர்பார்க்கும் சாதாரண விஷயமாகிவிட்டது. சட்டமும் இதற்குக் குறுக்கே நிற்கவில்லை. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுப்பது, பதிவுச் சான்றில் கண்ட விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றுவதையே; கண்ணாடி ஏற்றும் முறையை மாற்றுவதை அன்று.

ஆனால் கைப்பிடியைக் கழற்றி எறியும்போது அதனுடன் போய்விடுகிற ஒன்றை நம் தொழில் அன்பர்களில் பலர் கவனிப்பதில்லை. கண்ணாடி இறுகினால் சுற்றுகிறவரின் கை உடனே அதை உணர்ந்தது. குழந்தையின் விரல் நடுவில் அகப்பட்டால் அந்தக் கை தானே நின்றது. மோட்டாருக்கு இவ்விரண்டும் தெரியாது. யந்திரத்துக்கு இல்லாத அந்த ஸ்பரிச உணர்ச்சிக்கு ஈடாக நிற்க வேண்டியது மெக்கானிக்கின் ஜாக்கிரதை ஒன்றே என்பது நம் அபிப்பிராயம்.

முதலில் கதவைப் பார்ப்போம். டோர் பேடைக் கழற்றிய கையோடு மோட்டாரைப் பொருத்திவிடாமல், கண்ணாடியை ரெகுலேட்டரிலிருந்து விடுவித்து, இரு கைகளாலும் பிடித்து, பீடிங் ரப்பருக்குள் மேலும் கீழும் ஒரு முறை நகர்த்திப் பார்க்க வேண்டும். எங்கே பிடிக்கிறதோ அங்கேதான் நாளை மோட்டார் திணறும். பல வருஷத்துத் தூசி படிந்து, வெயிலில் காய்ந்து விறைத்த ரப்பரை மாற்றுவதே உத்தமம். மாற்ற இயலாவிடில் நன்றாகத் துடைத்து சிலிக்கான் ஸ்பிரே அடிக்கலாமே தவிர, ரப்பரை ஊதச் செய்து தூசியையும் இழுத்து வைத்துக்கொள்ளும் கிரீஸைத் தடவலாகாது. பழைய கைப்பிடித் தண்டையே மோட்டாரால் சுழற்றும் பொதுவகை கிட்டை மாட்டுகிறவர்கள், பழைய ரெகுலேட்டரின் பற்கள் தேய்ந்திருக்கின்றனவா என்று பார்ப்பதும் அவசியம். தேய்ந்த பல்லைப் புது மோட்டார் சீக்கிரமே தின்றுவிடும். வேலை முடிந்ததும் உள்ளிருக்கும் பிளாஸ்டிக் தாளைப் பழையபடி ஒட்டாமல் விட்டால், கதவுக்குள் இறங்கும் மழைநீர் கீழுள்ள துளைகளின் வழியே வெளியேறுவதோடு நில்லாமல் வண்டிக்குள்ளும் புகும்.

அடுத்தது மின்சாரம். சிகரெட் லைட்டரின் ஒயரிலிருந்து கிளை பிடித்துக் கதவுகளுக்குக் கொடுத்துவிடும் குறுக்குவழி நாம் எல்லோரும் அறிந்ததே. நான்கு மீட்டர் நீளமுள்ள 0.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் 10 ஆம்பியர் ஓடினால் ஏறக்குறைய 1.4 வோல்ட் வழியிலேயே தொலைந்துபோகிறது. அதே தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் நஷ்டம் 0.3 வோல்ட்டுக்கும் குறைவு. கண்ணாடி உச்சியில் முட்டி நிற்கும் கணத்தில் மோட்டார் இன்னும் அதிகம் கேட்குமாதலால், பேட்டரியிலிருந்து தனி ஃப்யூஸும், சாவி போட்டால் மட்டுமே இயங்கும்படி ரிலேயும் வைத்து, கதவுக் கீல் அருகே ஒயர் மடங்கும் இடத்தில் ரப்பர் குழாய் மாட்டி இழுப்பதே முறை. அந்த இடத்தில் தகரத்தில் உரசும் ஒயர், கதவு ஒவ்வொரு தடவை திறந்து மூடும்போதும் சிறிது சிறிதாகத் தோலுரிந்து, ஒருநாள் ஷார்ட் ஆகும்.

எல்லாவற்றிலும் பெரிய விஷயம் குழந்தைகள். மலையுச்சியில் தீபம் ஏறும் வேளையில் பின்னாசனத்துக் குழந்தை தலையை வெளியே நீட்டாமல் இராது. அதன் முழங்கால் ஸ்விட்சின் மேல் ஊன்றினால் என்ன நேரும் என்பதை விவரிக்கத் தேவையில்லை. தடை உணர்ந்து தானே இறங்கும் கண்ணாடி எவ்வளவு அழுத்தலாம் என்பதற்கு அமெரிக்க விதி 100 நியூட்டன், அதாவது சுமார் பத்து கிலோ பாரம், என்று வரம்பு கட்டியிருக்கிறது. மலிவான கிட்டுகளில் அந்த உணர்வே கிடையாது. ஆகையால் பின்கதவு ஸ்விட்சுகளை டிரைவர் அடைத்துவைக்கும் பூட்டு ஸ்விட்சையும், அமுக்கினால் ஏறாமல் மேல்நோக்கி இழுத்தால்தான் கண்ணாடி ஏறும்படியான ஸ்விட்சையும், வாடிக்கையாளர் கேளாவிட்டாலும் நாமே வற்புறுத்திப் பொருத்த வேண்டும். வெள்ளத்தில் மின்சாரம் செத்தால் கண்ணாடி இறங்காது என்பதைச் சொல்லி, வண்டியில் ஒரு சிறு கூர்முனைச் சுத்தியல் வைத்துக்கொள்ளும்படி அவரை எச்சரிப்பதும் நம் கடமையில் சேர்ந்ததே.

இவ்வளவும் செய்தால் கூலி கூடும். அரை நாள் வேலை ஒரு நாளாகும். பக்கத்துப் பட்டறையில் மலிவாகச் செய்கிறார்கள் என்ற பேச்சும் வரும். எனினும், கையால் கண்ணாடியை நகர்த்திப் பாராமல் மோட்டாரைப் பொருத்துவதில்லை, தனி ஃப்யூஸும் ரிலேயும் இல்லாமல் மின்சாரம் கொடுப்பதில்லை, பூட்டு ஸ்விட்ச் இல்லாமல் வண்டியை ஒப்படைப்பதில்லை என்ற மூன்று நியமங்களை நம் நகரத்துப் பட்டறைகள் யாவும், வருகிற தீபத் திருநாளுக்கு முன்பே கைக்கொள்ள வேண்டுமென்று தொழில் அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.